ஐஸைப் பார்த்து மணி சொன்னவர்

சூரியனைப் பார்த்து மணி சொல்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டு டி.வி. சீரியல் சத்தத்தை வைத்து மணி சொல்பவர்கள் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவிலேயே நாலு பேர் உண்டு. ஆனால் ஐஸ் கரைவதைப் பார்த்து, நிமிஷம் பிசகாமல் மணி சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காசிமேட்டில் இருக்கிறார். இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால், நேரில் வந்து மன்னிப்புக் கேட்கத் தயார். எப்படியும் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு ஆள் பாக்கி இருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயர் ஐஸ்பெட்டி. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். ஆனால் ரேஷன் கடைக்காரரே “ஐஸ்பெட்டி, விரல வை” என்று கூப்பிட்டதைக் காதால் கேட்டவன் நான். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஐஸ் கம்பெனியில், ஆள் நீளத்துக்கு வரும் பார் ஐஸைக் கொக்கியால் இழுத்து வந்து உடைக்கிற மிஷினுக்குள் தள்ளுவது அவர் வேலை. வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். சைக்கிள் கேரியரில் எந்நேரமும் ஒரு தெர்மகோல் மீன்பெட்டி, மூடி இல்லாமல். அதற்குள், சட்டென்று கரைந்துவிடாமல் கோணியில் சுற்றிய ஒரு துண்டு ஐஸ். அதுதான் அவர் கடிகாரம்.

கூப்பிடு தூரத்தில் ராயபுரம் மணிக்கூண்டு இருக்கும்போது இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“அதுக்கு எவனாச்சும் சாவி குடுக்கணும் நைனா. ஐஸுக்கு எவன் சாவி குடுக்கறான்? அதும்பாட்டுக்குக் கரைஞ்சிகினு போவும். பொய் சொல்லாது.”

நான் அவரைச் சந்தித்தது எண்ணூர் கடற்கரைச் சாலையில், எதிர்க்காற்றில். எனக்கு அப்போது சைக்கிள் பைத்தியம் பிடித்து நாலு மாதம். அதற்கு முன்னால் கிடார், அதற்கும் முன்னால் பறவை பார்ப்பது. மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த காலம். கியர் சைக்கிள், ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய அரைக்கால் சட்டை எல்லாம் உண்டு. அந்தச் சட்டையோடு தெருவில் இறங்கக் கூடாது என்று அம்மா போட்ட தடை உத்தரவும் உண்டு. அன்றைக்குக் காற்று கடலிலிருந்து அப்படியே சுவராக எழுந்து வந்தது. நான் இறால் மாதிரி வளைந்து மிதித்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் மணிச் சத்தம். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர், ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் வாழைக்காய் பஜ்ஜி, என்னைத் தாண்டினார். தாண்டும்போது அக்கறையாக விசாரித்தார்.

“இன்னா நைனா, பஞ்சரா?”

பஞ்சர் இல்லை, இதுதான் என் வேகம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். இறங்கி என் டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. பாதி பஜ்ஜியைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இப்படித்தான் அவர் எனக்கு மாமா ஆனார்.

அவருடைய பயிற்சி முறையை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. ஒரு கால் பார் ஐஸைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காசிமேட்டில் கிளம்புவார். எண்ணூர் முகத்துவாரம் போய்த் திரும்பி வந்ததும் பெட்டியைப் பார்ப்பார். பூசணிக்காய் அளவு ஐஸ் மிச்சமிருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது. இளநீர் அளவு என்றால் பரவாயில்லை. தேங்காய் அளவுக்கு வந்துவிட்டால் அன்று யாரோடும் பேச மாட்டார்.

இந்த மனிதரிடம் கொல்லிமலை சைக்கிள் போட்டியைப் பற்றி நான்தான் வாயைத் திறந்தேன். காலை ஆறுக்குக் கிளம்பி, சமவெளியில் நாற்பது கிலோமீட்டர் போய், அதன்பிறகு மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பதினோரு மணிக்குள் மேலே இருக்கும் சோதனைச் சாவடியைத் தொட வேண்டும். தொடாவிட்டால் நம்பர் அட்டையைக் கழற்றிக்கொண்டு வேனில் ஏற்றிவிடுவார்கள். தொட்டவர்கள் மலைமேல் ஒரு சுற்றுச் சுற்றி, அதே சாவடி வழியாகக் கீழே இறங்கினால் மெடல்.

“மெடலுன்னா, கழுத்துல மாட்டுவானே, அதுவா?” என்று கேட்டார். அதேதான் என்றேன்.

மறுநாள் ஐஸ் கம்பெனிக்குப் போனால், உடைக்கிற மிஷினுக்கு மேலே சுவரில் புதிதாக ஒரு ஆணி. மெடலுக்கு. போட்டிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கம்பெனி ஆட்கள் விடுவார்களா? போகிற வருகிறவர்களெல்லாம் அந்த ஆணியில் கோணி, டீ கிளாஸ், ஒரு தடவை முழுசாக ஒரு வஞ்சிரம் மீன் என்று மாட்டிவிட்டுப் போனார்கள். மாமா ஒவ்வொன்றையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஆணியைத் துடைப்பார். மெடல் இல்லாமல் வந்தால் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே அவர் ரிட்டையர் ஆக வேண்டியிருக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. மலைக்கு எங்கே போவது? எர்ணாவூர் மேம்பாலத்துக்குப் போனார். எழுபது வளைவுக்கு எழுபது தடவை பாலம் என்பது அவர் கணக்கு. துறைமுகத்துக்குப் போக வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகள் ஒரு வண்டி நீளம் நகர்வதற்குள் அவர் பாலத்தை ஆறு தடவை ஏறி இறங்கிவிடுவார். லாரிக்குள் உட்கார்ந்தே டிரைவர்கள் எண்ணிக்கை சொன்னார்கள். ஆந்திர டிரைவர் ஒருவர் தெலுங்கில் எண்ணியதில் நாற்பத்திரண்டு விட்டுப்போய்விட்டது என்று, அதை மட்டும் மறுபடி ஏறினார்.

என் பழைய கியர் சைக்கிளை அவருக்குக் கொடுத்தேன். கேரியர் பொருத்தி மீன்பெட்டியை ஏற்றினார். இருபத்தோரு கியரில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நாமக்கல்லுக்குப் போனது அவருடைய தோஸ்து ஒருவரின் மீன் வண்டியில். எங்கள் சைக்கிள்கள் நெத்திலிக் கூடைகளுக்கு நடுவே படுத்து வந்தன. விடிவதற்கு முன் கிளம்பும் இடத்தில் இறங்கியபோது, கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்த பளபள ஆட்கள் எங்களுக்கு மரியாதையாக வழிவிட்டார்கள். வாசனைக்குக் கொடுத்த மரியாதை. மாமா நிதானமாகப் பெட்டியில் கால் பார் ஐஸை இறக்கிக் கோணியைச் சுற்றினார். எடையைக் குறைப்பதற்காகத் தண்ணீர் பாட்டிலையே பாதிதான் நிரப்பியிருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் அருகே வந்து, சார் இது பன்னிரண்டு கிலோ இருக்குமே என்றார்.

“போகப் போகக் கொறையும் தம்பி. உன் வண்டி கொறையுமா?”

கிளம்பினோம்.

சமவெளியில் நான் ராஜா மாதிரி போனேன். மலையிலும் முதல் இருபது வளைவு ராஜாதான். முப்பதில் மந்திரி. நாற்பத்தி ஒன்றாவது வளைவில் கெண்டைக்கால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, சைக்கிளோடு சேர்ந்து ஓரத்தில் சாய்ந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேனோ, கீழேயிருந்து அந்த மணிச் சத்தம் வந்தது. வியர்வையில் நனைந்து, முகம் கறுத்து, ஆனால் அதே ஒரே கியரில் மாமா வந்தார்.

சைக்கிளை நிறுத்தினார். பெட்டியிலிருந்து ஐஸைக் கல்லால் தட்டி ஒரு துண்டு பெயர்த்து என் காலில் வைத்துத் தேய்த்தார். அவருடைய கடிகாரத்திலிருந்து உடைத்த துண்டு. அது கரைந்ததும் இன்னொன்று. அவசரப்படவே இல்லை. ரெண்டு துண்டு எடுத்திருக்கிறேன், கணக்கில் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். கால் பார் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. இன்னும் இருபத்தொன்பது வளைவு பாக்கி.

நான் மெக்கானிக்கல் படித்தவன். வெப்பம் எங்கிருந்து எங்கே போகும் என்று நாலு வருஷம் எழுதிப் பாஸ் பண்ணியவன். காசிமேட்டு வெயிலில் கரைகிற ஐஸ் கொல்லிமலைக் குளிரில் கரையாது என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குப் பாரமும் குறையவில்லை, நேரமும் நகரவில்லை.

அப்போது நான் முந்திவிட்டு வந்த ஆட்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதி பாட்டில் மனிதரும் தாண்டினார். மாமாவிடம் உண்மையைச் சொன்னால் விளக்க வேண்டும். விளக்கினால், ஐஸ் பொய் சொல்லாது என்று வாதாடுவார். கடைசியில் அவரை இழுத்துக்கொண்டு அவர் வேகத்திலேயே போக வேண்டியிருக்கும். இவ்வளவையும் நான் யோசித்தேன் என்பதுதான் வெட்கம். எழுந்து சைக்கிளில் ஏறினேன்.

“டைம் கீதுல்ல நைனா?”

“நெறைய கீது மாமா. மெதுவா வாங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டேன். பத்து நாற்பத்தேழுக்குச் சாவடியைத் தொட்டேன். மேலே சுற்றவேண்டிய சுற்றைச் சுற்றிவிட்டு அதே சாவடிக்குத் திரும்பி வருகிறேன், மாமா அங்கே நின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் நம்பர் அட்டை இருந்த இடத்தில் நாலு ஊக்கு மட்டும். பதினொன்று இருபதுக்கு வந்து சேர்ந்தாராம். வழியில் கால் பிடித்து உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கு நின்று நின்று ஐஸ் தேய்த்துவிட்டிருக்கிறார். ஐம்பத்தெட்டாவது வளைவில் டீ வேறு. நேரம்தான் நிறைய இருந்ததே.

கையில் போன் வைத்திருந்த தொண்டர் பெண்ணிடம் கோணியை விலக்கிப் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“பாரும்மா, எம்மாம் பெருசு கீது. பத்துகூட ஆயிருக்காது.”

அந்தப் பெண் ஐஸைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பாவம், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

மாமா சண்டை போடவில்லை. பெட்டியை மூட மூடி இல்லாததால் கோணியை இழுத்து விட்டார். பிறகு, ஜன்னலுக்கு வெளியே மழை பார்க்கிறவர் மாதிரி கையை நீட்டிக் காற்றில் வைத்தார். அவ்வளவு நேரம் வியர்வையில் தெரியாதது அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

“இங்க குளுருது நைனா” என்றார். என் பக்கம் திரும்பி, “நீ படிச்ச புள்ள. உனுக்குத் தோணலியா?” என்றார்.

“இல்ல மாமா” என்றேன்.

அது இரண்டாவது பொய். முதல் பொய்க்காவது அவசரம் என்று ஒரு சாக்கு இருந்தது.

என் காலி பாட்டிலை வாங்கி, ஐஸை உடைத்து நிரப்பிக் கொடுத்தார். எனக்குத்தான் இனி நேரம் இருக்கிறது, நீ நிற்காதே, போ என்று முதுகில் ஒரு தட்டு. நான் இறங்கினேன். எனக்கு மெடல் மாட்டினார்கள். அவர் மிச்சமிருந்த பத்து கிலோ ஐஸோடு வேனில் வந்தார். வேனில் இருந்த தோற்ற கோஷ்டி மொத்தமும் அவர் ஐஸைத்தான் காலில் தேய்த்துக்கொண்டு வந்ததாம்.

ஊருக்கு வந்ததும் மெடலை எடுத்துப்போய் அந்த ஆணியில் மாட்டினேன். மாமா கழற்றி என் சட்டைப் பையில் போட்டார்.

“இங்க உப்புக் காத்து. துரு புடிச்சிடும்.”

அடுத்த வருஷம் போகலாம் என்று பேசிக்கொண்டோம். அவர் மேம்பாலத்தை விடவில்லை. நான் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய், சைக்கிளை விட்டு மண்பாண்டம் செய்யும் வகுப்பில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் போன் பண்ணினார். இந்தத் தபா வாட்ச்சு வாங்கிக் கட்டியிருக்கிறேன், பேரை மட்டும் கம்ப்யூட்டரில் நீ எழுதிவிடு என்றார். சரி மாமா என்றேன். கடைசித் தேதி போய் இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கடுத்த வருஷம் அவர் முட்டி ஒத்துழைக்கவில்லை.

போன மாதம் காசிமேட்டுக்குப் போனேன். பையில் மெடல் இருந்தது, எதற்கென்று கேட்காதீர்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே அந்த ஆணியில் மாமாவின் வாட்ச் தொங்கியது. அதில் மணி என்ன என்று யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. அவர் பேசும்போது இன்னமும் ஐஸைத்தான் பார்க்கிறார்.

நாலு வருஷமாக உருட்டிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நாற்பத்தி ஒன்றாவது வளைவில் எனக்குத் தெரியும் மாமா, தெரிந்துதான் போனேன் என்று.

கொக்கியை நிறுத்தவில்லை. “நீ வாட்ச்ச பாக்கசொல்லவே மூஞ்சில தெரிஞ்சிச்சு” என்றார். “நாந்தான் ஐஸ நம்பிகினு வந்தேன். வுடு.”

வுடு என்று அவர் சொன்னார். எனக்கு விடத் தெரியவில்லை. மூன்றரைக்கு ரயில், கிளம்புகிறேன் மாமா என்று எழுந்தேன். அவர் கைப்பிடி அளவுக்கு ஒரு துண்டு ஐஸை உடைத்து, நான் உட்கார்ந்திருந்த பலகையில் எனக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது கரையற வரைக்கும் குந்து. அப்பால போவலாம்.”

உட்கார்ந்தேன். அவர் அடுத்த பாரை இழுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, கீழே கிடந்த கோணியை எடுத்து அந்த ஐஸின் மேல் நன்றாகப் போர்த்திவிட்டேன்.