கூட்டு ஓட்டம் பிடிக்கும் நடுவர்

சந்தேகப் பிராணி என்று ஒரு ரகம் உண்டு. கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டால் போதும், பெற்ற தாய் எதிரே வந்தாலும் "யாரோட கூட்டு?" என்று கேட்கும். திண்டிவனம் பக்கத்துக் குதிரை வண்டிப் பந்தயத்தில் இந்த ரகத்துக்கு மாசிலாமணி என்று பெயர்.

இரண்டு வண்டிக்காரர்கள் கூட்டுச் சேர்ந்துகொண்டு, ஒருவர் பின்னால் வருகிறவரை மறிக்க, மற்றவர் நோகாமல் ஜெயிக்கக் கூடாது. கமிட்டி போட்ட நியாயமான விதிதான். அது நடுவர் மாசிலாமணி கையில் அகப்பட்டதுதான் வினை. பந்தயத்தன்று காலையில், ஒரே கடையில் டீ குடித்தவர்களை ஆளுக்கொரு கடைக்கு விரட்டினார், ஒரே நிறக் குஞ்சம் கட்டிய இரண்டு குதிரைகளில் ஒன்றுக்கு அவிழ்க்கச் சொன்னார், அண்ணன் தம்பி முகம் பார்த்துச் சிரித்ததற்கு எச்சரிக்கை கொடுத்தார். அதோடு விட்டாரா? ஒரு குதிரை கனைக்க, இன்னொன்று பதிலுக்குக் கனைத்துத் தொலைத்தது.

"ரெண்டும் இன்னாய்யா பேசிக்கினுதுங்க?" என்று பாய்ந்தார்.

அவருடைய மச்சான் வல்லரசுவும் வண்டி விட்டான். "எனக்கு மச்சானும் ஒண்ணு, மத்தவனும் ஒண்ணு" என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

தையல்நாயகி கடைசித் திருப்பத்தில் செல்போனும் கையுமாக நின்றாள். குட்டியிலிருந்து அவள் வளர்த்து, அவள் புருஷன் ஓட்டுகிற வெள்ளைக் குதிரை இந்தத் தடவையும் தோற்றால் விற்றுவிடுவது என்று மாமனார் முடிவு கட்டியிருந்தார்.

பந்தயம் கிளம்பியது. கூடவே ஊர்ப்பட்ட பைக்குகள், அதில் மாசிலாமணியின் பைக்கும் ஒன்று. கடைசித் திருப்பத்தில் வெள்ளைக் குதிரை வல்லரசுவை எட்டிப் பிடித்தது. இன்னும் நாலு எட்டில் முந்திவிடும். யாராவது மறிக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா? மாசிலாமணி இரண்டு வண்டிக்கும் நடுவே பைக்கை நுழைத்தார். கழுத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் வேகம் குறைந்தது, வெள்ளைக் குதிரை அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தவித்தது. வல்லரசு ஜெயித்துவிட்டான்.

தையல்நாயகி செல்போன் வீடியோவோடு ஓடி வந்தாள். "அண்ணே, மறிச்சதே நீங்கதாண்ணே! நல்லா பாருங்க!"

பார்த்தார். முகம் வெளுத்தது. தப்புதான் என்று உள்ளே ஏதோ ஒன்று முனகியது. அதையும் யாரோ தூண்டிவிட்டிருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார்.

"வண்டிய வண்டி மறிக்கக் கூடாதுன்னுதாம்மா ரூல்ல கீது. பைக்கு மறிக்கக் கூடாதுன்னு இல்லியே."

கப்பு மச்சான் வீட்டுக்குப் போயிற்று. மறுநாள் வெள்ளைக் குதிரையை வேனில் ஏற்றினார்கள். அது ஏறாமல் தையல்நாயகியையே திரும்பிப் பார்த்து நின்றது, பாவம்.

"என்னய்யா அநியாயம்!" என்று கொதிக்கிறீர்கள். கொதியுங்கள், நல்லது. ஆனால் போன பொங்கலுக்கு உங்கள் தெருக் கோலப் போட்டியில் நடுவராக நின்று, வீட்டம்மா கோலத்தை யாரும் மிதித்துவிடாமல் கை நீட்டிக் காவல் காத்தீர்களே, அப்போது உங்கள் கால் யாருடைய கோலத்தின் மேல் இருந்தது?