ஜவ்வு பாய் கடையை மூடிய இரண்டரை நிமிஷம்

கூட்டம் விசிலடிக்கும்போது கொட்டாவி விட்டு, கூட்டம் கொட்டாவி விடும்போது கண் கலங்குகிற ஒரே மனிதர் மதுரையில் ஜவ்வு பாய்தான். இதை மறுப்பவர்கள் திருப்பரங்குன்றம் போகிற வழியில் இருக்கும் அந்தத் தியேட்டரில் ஒரு படம்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கே கேண்டீன் அவருடையது. டீ, பஃப்ஸ், சமோசா. நான் அவரை முதலில் பார்த்தது ஒரு பெரிய ஹீரோ படத்தின் நடுவில். ஹீரோ யாரையும் அடிக்காமல், ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்தான். பஃப்ஸ் வாங்க இதுதான் நேரம் என்று வெளியே வந்தேன். என்னோடு இன்னும் முப்பது பேர். கேண்டீன் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதில் ஓர் அட்டை: ‘உள்ளே ஜவ்வு ஓடுகிறது. முடிந்ததும் கடை திறக்கும்.’

கடைக்காரர் தோளில் துண்டோடு, தியேட்டர் கதவுத் திரையை விலக்கி உள்ளே பார்த்தபடி நின்றிருந்தார்.

“பாய், ரெண்டு பஃப்ஸ்.”

“தின்னு முடிக்கட்டும் பாப்பா.”

“யாரு?”

“ஹீரோதான். இன்னும் நாலு சுளை இருக்கு.”

அந்த நிமிஷம்தான் எனக்குப் பொறி தட்டியது. கல்லூரியில் விஸ்காம் கடைசி வருஷம். ‘வெகுஜனப் படங்களில் கலைப்படக் கூறுகள்’ என்று ஆய்வு எழுதப்போவதாகப் பேராசிரியரிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டு, முதல் வரி வராமல் ஒரு மாதமாக முழித்துக்கொண்டிருந்தேன். நான் லைப்ரரியில் தேடியதை இந்த மனுஷன் ஷட்டரை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊரில் படம் இழுத்தால் ‘ஜவ்வு’ என்போம். உலகத்துக்கே அது வசவு. பாய்க்கு மட்டும் பாராட்டு. “பாயசத்துல ஜவ்வரிசி இல்லேன்னா அது வெறும் பாலு பாப்பா” என்பார். படம் முடிந்து வருகிறவர்களை மறித்து, “எம்புட்டு ஜவ்வு?” என்று விசாரிப்பார். “தாங்க முடியல பாய், தூங்கிட்டேன்” என்றால் முகம் மலர்ந்து அடுத்த ஷோவுக்குத் தயாராவார். “செம ஸ்பீடு பாய், உட்காரவே விடல” என்றால், “உட்கார விடாத படத்துக்கு எதுக்குப்பா சீட்டு?” என்று சமோசாவைத் திருப்பிப் போடுவார்.

வகைகூடப் பிரித்து வைத்திருந்தார். மரம் மட்டும் ஆடினால் காத்து ஜவ்வு. ஹீரோ நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுந்தூரம் நடந்தால் முதுகு ஜவ்வு. நான் ‘நீள்காட்சியின் அழகியல்’ என்று ஆறு பக்கம் எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முதுகு ஜவ்வத்தான சொல்ற?” என்றார்.

போன பொங்கலுக்கு வந்த படத்தில்தான் வினை வந்தது. நாற்பது பேரை அடித்துப் போட்டுவிட்டு ஹீரோ ஓர் அடிபம்புக்கு வருகிறான், கையில் இருக்கிற ரத்தத்தைக் கழுவ. பம்பை நாலு அடி அடிப்பான். தண்ணீர் வந்ததும் ஓடிப்போய்க் கையை நீட்டுவான். அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். திரும்பப் போய் அடிப்பான், திரும்ப ஓடுவான். பாட்டில்லை, வசனமில்லை. இரண்டரை நிமிஷம்.

கூட்டம் கத்தியது. “டேய், வீட்டுக்குப் போய்க் கழுவச் சொல்லுங்கடா.”

பாய் மட்டும் திரையைப் பிடித்தபடி, “நாப்பது பேர அடிச்சவனுக்கு பம்பு அடிச்சு விட ஒரு ஆளு இல்ல பாரு பாப்பா” என்றார்.

கூச்சல் எல்லா ஊரிலும் இருந்திருக்கும்போல. படக் கம்பெனியே அந்தக் காட்சியை வெட்டி, வெட்டிய காப்பியை அனுப்பிவிட்டது. எதை ஓட்டுவது என்பது மேனேஜர் இஷ்டம். பாய் நேராக அவர் ரூமுக்குப் போனார்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை மேட்னி மட்டும் முழுசா ஓட்டுங்க. அந்த சீன்ல ஒரு சத்தம் வந்தாலும் நான் கேண்டீன காலி பண்ணிட்டுப் போயிர்றேன்.”

“பேச்சு மாற மாட்டியே பாய்?”

“மாற மாட்டேன்.”

வெளியே வந்ததும் நான் பதறினேன். “அறுநூறு பேர் வாயை எப்படி பாய் அடைப்பீங்க?”

“அவங்க என்னத்தச் சொல்லித் திட்டுறாங்களோ, அதாலேயே அடைப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது தெரிந்தது. மூங்கில் கம்பில் பொம்மை வைத்து ஜவ்வு மிட்டாய் விற்பவர்கள் மூன்று பேர், கம்பும் பொம்மையுமாகக் கேண்டீன் வாசலில் நின்றார்கள். சண்டை ஆரம்பித்ததும் பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வரிசை வரிசையாக விநியோகம். ஆளுக்கு நாலு விரல் தடிமன், காகிதத்தில் சுற்றியது, காசு கிடையாது.

“எதுக்கு பாய் சும்மா தர்றீங்க?” என்று கேட்டார் முதல் வரிசையில் இருந்த ரசிகர் மன்றத் தலைவர்.

“நேர்ச்சை. வாயில போடு மாப்ள, சொல்றேன்.”

வாயில் போட்டார். அதற்குப் பிறகு அவரால் எதையும் கேட்க முடியவில்லை.

அடிபம்பு வந்தது. தியேட்டர் முழுக்க மாடு அசைபோடுகிற சத்தம்தான். பின்வரிசையில் ஒருவன் பழக்க தோஷத்தில் விசிலடிக்க இரண்டு விரலை வாய்க்குள் விட்டான்; விரல் திரும்பி வரவில்லை. ஒரு நிமிஷம் போனது. திடீரென்று மெல்லுகிற சத்தமும் நின்றது. ஹீரோ அடிக்கிறான், ஓடுகிறான், தண்ணீர் நிற்கிறது. அறுநூறு பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாய் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் மிட்டாய் கரையவில்லை. அடுத்து ஹீரோ புல்டோசரில் வந்து இறங்கினான். விசில் இல்லை, கத்தல் இல்லை. பஞ்ச் டயலாக் சொன்னான். மயான அமைதி. விசில் கேட்காததால் சவுண்ட் சிஸ்டம் போய்விட்டது என்று நினைத்து மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்து படத்தையே நிறுத்தினார். தரையில் கிடந்த மிட்டாய்க் காகிதத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கியது.

“யோவ், மாஸ் சீனுக்குச் சத்தம் வரலேன்னா ஊரே படம் ஊத்திக்கிச்சுங்கும்யா. காலி பண்ணு.”

திங்கள் காலை வெட்டிய காப்பி ஓடியது. பாய் டீ பாய்லரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பஃப்ஸ் தட்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கயிறு பிடித்தேன்.

இடைவேளையில் மன்றத் தலைவர் இன்னொருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார்.

“பாய், அந்த பம்பு சீன் எங்க?”

“வெட்டிட்டாங்க மாப்ள.”

“எவன் வெட்டுனது? இவன் என் மச்சான். அதக் காட்டத்தான் எழுமலையில இருந்து காலைல பஸ்ஸேத்திக் கூட்டியாந்தேன்.”

மச்சான் பரிதாபமாகத் தலையாட்டினார். தலைவர் அப்படியே மேனேஜர் ரூமுக்குப் போனார். அங்கே என்ன பேசினார்களோ, சாயங்கால ஷோவில் ஹீரோ திரும்பவும் பம்பு அடித்தான். பாய் சாக்கைப் பிரித்தார். அடுத்த வாரமே கேண்டீன் கதவில் மேனேஜர் கையெழுத்தில் ஒரு நோட்டீஸ்: ‘ஜவ்வு மிட்டாய் உள்ளே அனுமதி இல்லை.’

“அன்னைக்கு அவங்கள அடக்குனது மிட்டாயா, சீனா பாய்?” என்று கேட்டேன். ஆய்வுக்கு அது முக்கியம்.

“ரெண்டும் ஜவ்வுதான பாப்பா” என்று டீயை நீட்டினார். ஆய்வில் அப்படியே எழுதினேன். பேராசிரியர் அடியில் சிவப்பில் கோடு போட்டு, பக்கத்தில் ‘நன்று’ என்றும் எழுதியிருக்கிறார்.

இப்போது நானே ஒரு படம் எடுக்கப் போகிறேன். ஐந்து நிமிஷம், ஒரே ஷாட். கதவுத் திரையை விலக்கிக்கொண்டு பாய் படம் பார்க்கிறார். அவர் முகம் மட்டும். வேறொன்றும் நடக்காது. சுத்தமான ஜவ்வு. சொன்னதும் பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு ஒரு கவலை வந்தது.

“அம்புட்டு நேரம் நான் அங்கேயே நின்னா கடைய யாரு பாப்பா பாக்குறது? ஷட்டர இறக்கணுமே.”

“இறக்க வேணாம் பாய். கேமரா ஸ்டாண்டுல நிக்கும். டீய நான் ஆத்துறேன்.”