தார்த் தரையில் ஓர் உழவு

சேற்று வயலை உழ டயர் டிராக்டர் நல்லதா, செயின் டிராக்டர் நல்லதா என்பது பள்ளத்து வயல்காரிக்குத் தெரியும். வேளாண் அலுவலகத்துக்குத் தெரியாது. ஆகவே, ஒப்பீட்டு ஆய்வு நடத்த ஆணை பிறந்தது.

வாடகைக்கு விடுவதற்காக இரண்டிலும் ஒவ்வொன்று அலுவலகக் கொட்டகையில் நின்றது. அவள் கேட்டது, இரும்புப் பட்டையில் ஊர்ந்து சேற்றில் புதையாமல் போகும் செயினை. அவள் வயலில் ஆள் இறங்கினாலே முழங்கால்வரை போகும். நாற்றங்காலில் நாற்று வேறு முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் தள்ளினால் மாட்டுக்குத்தான் போடவேண்டும்.

ஆய்வு அலுவலக முற்றத்தில், தார்த் தரையில் நடந்தது.

"சார், வயல்ல ஓட்டிப் பாக்க வேணாமா?"

"வயல்ல சேறு இருக்கும்மா. சேறு பட்டா ஆய்வு கெட்டுப்போயிடும்" என்றார் அதிகாரி. அன்று அவர் புது ஷூ போட்டிருந்தார்.

டயர் டிராக்டர் அலுங்காமல் குலுங்காமல் வலம் வந்தது. செயின் டிராக்டர் தாரை வறட்டி வறட்டியாகப் பெயர்த்துப் போட்டது. உழவுக்கு உகந்தது டயரே என்று தீர்மானம் நிறைவேறியது.

"என் வயல்ல தார் போடலையே சார்!"

"அது உங்க பக்கத்துக் குறை. அதுக்கு வேற ஆபீஸ்."

டயர் டிராக்டர் வந்தது, இறங்கியது, வயிறுவரை புதைந்தது. அரசுச் சொத்தை மீட்கச் செயின் டிராக்டர் அலறிக்கொண்டு வந்தது.

"அக்கா, எந்தப் பக்கமிருந்து இழுக்கறது?" என்றான் ஓட்டுநர்.

"அவசரப்படாதே தம்பி. நாலு சுத்து சுத்தி இடம் பாரு. கலப்பையை இறக்கிவிட்டே பாரு."

இடம் பார்த்து முடிப்பதற்குள் வயல் உழுதாகிவிட்டது. அவளும் நட்டுவிட்டாள். 'டயர் டிராக்டர் செவ்வனே பணியாற்றியது' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது.

விஷயம் ஊருக்குள் கசிந்தது. அடுத்த பருவத்தில் எல்லாரும் டயரையே கேட்டார்கள். யார் ஆழமாகப் புதைப்பது என்று போட்டியே வந்துவிட்டது. மேட்டு நிலத்துக்காரனான அவள் கொழுந்தன்கூட வயலில் தண்ணீரைக் கட்டி வைத்தான்.

"உன் நிலத்தை டயரே ஜோரா உழுமே, தம்பி?"

"ஊரே புதைக்குது அண்ணி. நான் மட்டும் புதைக்கலைன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

கடைசியில் அவள் முறை வந்தது. இந்தத் தடவையும் நாற்று முற்றிய நேரம். புதைகிற இடத்தை அவளே கை காட்டினாள். வண்டி கச்சிதமாகப் புதைந்தது. அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், செயினை அனுப்புங்க!"

"அதை வித்தாச்சும்மா. கேட்டு ஒரு விண்ணப்பம்கூட வரலையே! கவலைப்படாதீங்க, அந்தக் காசுல புது வண்டி வாங்கியிருக்கோம். அது இழுத்துடும்."

"என்ன வண்டி சார்?"

"நீங்க எல்லாரும் ஒரே குரல்ல கேட்டதுதான்."

சாயங்காலம் மழை பிடித்தது. அவள் வயலில் இரண்டு டயர் டிராக்டர்கள், ஒன்றின் முதுகை ஒன்று பார்த்தபடி, சரிசமமாகப் புதைந்து நின்றன. அவள் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்தாள்.

குடையோடு வந்த கொழுந்தன் எட்டிப் பார்த்தான். முகம் சுண்டிப்போனது.

"அதென்ன அண்ணி, உங்களுக்கு மட்டும் ரெண்டு?"