திருக்கைத் தோல் பையும் கப்பித்தான் துரையின் முடியும்

நான் பிறந்தது ஓலைக் குடிசையில். இன்றைக்கு ஓடு போட்ட வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த ஓட்டை எந்தத் துரையும் கொடுக்கவில்லை, எந்த மாமனாரும் கொடுக்கவில்லை. (மாமனார் கொடுத்தது ஓர் ஆடு. அதுவும் கல்யாணத்தன்றே குழம்பாகிவிட்டது.) மூன்று பெரிய படகுகள், தோல் பதம் பண்ணுகிற கொட்டகை, அம்மன் கோயிலுக்கு முன்னால் கல் பாவிய தரை, எல்லாம் என் கை உழைப்பு. இந்த மணலில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சிரித்தது. நான் தோண்டினேன். இன்றைக்குச் சிரித்தவன் வீட்டுப் பெண்கள் என் கிணற்றில்தான் குடம் நிரப்புகிறார்கள். படிப்பு என்று பார்த்தால், மணலில் விரலை வைத்து 'அ'வில் ஆரம்பித்தேன். 'ஔ' வருவதற்குள் வலை இழுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதி எழுத்துகளை நானே தேடிப் பிடித்தேன்.

இப்பேர்ப்பட்ட ஆளான நான் ஒரு நாள் காலையில், ஒல்லாந்து தேசத்து உலாந்தாக்காரர் கோட்டை மைதானத்தில், சொட்டச் சொட்ட நனைந்து, ஒரு வெள்ளைக்காரத் துரையின் தலைமுடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊர் எப்படியும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நான் சொன்னால் சரியாகவாவது இருக்கும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோட்டையில் சிப்பாயாகச் சேர்ந்து நான்கு மாதம். எங்கள் குப்பத்திலிருந்து துப்பாக்கி பிடிக்கப் போன முதல் ஆள் நான்தான். (இரண்டாவது ஆள் இன்றுவரை போகவில்லை. காரணத்தை மேலே படித்தால் தெரியும்.) நான் கிளம்பிய அன்று என் அண்ணன் வீராசாமி, படகில் உட்கார்ந்தபடியே குப்பத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"போடா போ. கோட்டைக்குப் போனவன் ஆறு மாசத்துல கூடை தூக்க வந்து நிக்கப் போறான். வா, உனுக்குன்னு ஒரு கூடையை ஓரமா எடுத்து வெக்கிறேன்."

அந்தக் கூடையைத் தூக்கக் கூடாது. அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே லட்சியம் அதுதான். சுவாமி, சம்பளம், சுவர்க்கம் எல்லாம் அதற்குப் பிறகு.

கோட்டையில் எங்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். அது நல்ல துப்பாக்கி. வெடிமருந்து வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு தோல் பையும் கொடுத்தார்கள், அதுதான் வினை. அந்தப் பைகள் கப்பலில் வந்து சரக்கறையில் எத்தனை வருடம் கிடந்தனவோ தெரியாது. தோல் அப்பளம் மாதிரி வெடித்திருந்தது. தையல் நூலைக் கரப்பான் தின்றிருந்தது. வெயிலில் மைதானத்தில் நிற்கிறவரை பார்க்க ஜோராக இருக்கும். படகில் ஏறிப் பழவேற்காட்டு உப்பு ஏரிக்குள் போனால், உப்புக் காற்றும் அலைச் சாரலும் உள்ளே புகுந்து, வெடிமருந்து கேழ்வரகுக் களியாகிவிடும்.

ஒரு நாள் மத்தியானம் துணி மூட்டைகள் ஏற்றிய படகுக்குக் காவலாக ஒன்பது பேர் போனோம். ஏரி நடுவில் இரண்டு தோணிகளில் திருடர்கள் வந்தார்கள். எங்கள் தலைவர் தபேதார் நாகப்பன் "சுடு!" என்றார். ஒன்பது துப்பாக்கியும் 'டக்' என்றன. அவ்வளவுதான். 'டமார்' வரவில்லை. மறுபடி மருந்து கெட்டித்துச் சுட்டோம். மறுபடி 'டக்'.

தோணியில் வந்த ஒருவன் எங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டான்: "இன்னாண்ணே, பருப்பு வேகலியா?"

மூன்று மூட்டை துணியும் தபேதாரின் தலைப்பாகையும் போயின. தலைப்பாகையை ஏன் எடுத்தான் என்று தெரியவில்லை. தபேதார் அதைத்தான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கோட்டைக்கு வந்து பையைக் காட்டினோம். சரக்கறைத் துரை பையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் சொன்னதை, பாஷை மாற்றிச் சொல்லும் துபாஷி எங்களுக்குச் சொன்னார்: "பை நல்ல பைதானாம். ஆளுங்கதான் ஈரமாம். இன்னொரு வாட்டி மருந்து நனைஞ்சா முதுகுல பிரம்படியாம்."

அதன் பிறகு எல்லாரும் சொந்தக் கூலியில் சொந்தச் சாமான் வாங்க ஆரம்பித்தார்கள். இருசப்பன் என்ற சிநேகிதன் பொன்னேரிச் சந்தையில் மூடி போட்ட மூங்கில் குழாய் வாங்கினான். அது தொடையில் இடித்து இடித்து அவன் நொண்ட ஆரம்பித்தான். காதர் பாய் பித்தளை வெற்றிலைப் பெட்டி வாங்கினார். அது வெயிலில் கொதித்தது, உள்ளே மருந்தை வைக்க அவருக்கே பயம். தபேதார் சுரைக்குடுக்கை மாட்டிக்கொண்டார். அவரைப் பார்த்தால் கள் இறக்கப் போகிறவர் மாதிரி இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் உள்ளே வராமல் பண்ணுவது எப்படி என்று என்னைக் கேட்கிறார்களா? பிறந்ததிலிருந்து அதைத்தானே பண்ணுகிறோம்!

விடுப்புக் கேட்டுக் குப்பத்துக்குப் போனேன். பெரிய திருக்கைமீனின் தோலை உரித்துக் காய வைத்தேன். வலைக்குச் சாயம் ஏற்றுகிற பட்டைச் சாற்றில் அதை மூன்று நாள் ஊறப் போட்டேன். வலை நூலால் இரட்டைத் தையல் போட்டேன். கடைசியாக, படகுக்குப் பூசுவது போலவே சுறா ஈரல் எண்ணெயை மூன்று பூச்சு பூசினேன். உள்ளே மருந்தைப் போட்டு இறுக்கிக் கட்டி, ஏரியில் வலைக் கம்பத்தோடு சேர்த்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. வெளியே எடுத்துப் பிரித்தால் மருந்து பொரிமாவு மாதிரி உதிர்ந்தது.

என் பெண்சாதி தேசம்மாவின் மூக்கருகே பையை நீட்டினேன்.

"மே, இதுல ஏதாவது வாசனை வருதா பாரு."

"இன்னா வாசனை?"

"ஏதாவது."

"ஒண்ணும் வர்லியே. நல்லாத்தான்யா கீது."

சந்தேகம் தீர அண்ணனிடம் கேட்டேன், பக்கத்து வீட்டில் கேட்டேன், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நால்வரிடம் கேட்டேன். குப்பமே ஒரே குரலில் வாசனை இல்லை என்றது. (கருவாட்டுக் களத்தில் நின்றுகொண்டு கேட்டேன் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.)

ஒன்பது பை செய்தேன். கோட்டையில் மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். காதர் பாய் மட்டும் மூக்கைச் சுளித்தார். "என்னாப்பா ஏழுமல, உள்ளாற ஏதாவது செத்துக் கிடக்குதா?" என்றார். தண்ணீரில் முக்கிக் காட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டார். பிரம்படிக்கு முன்னால் வாசனை பெரிதா?

அந்தச் சமயம் பார்த்துத் தெற்கேயிருந்து படைக்கெல்லாம் தலைவரான பெரிய கப்பித்தான் துரை கோட்டையைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. தபேதார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"த பாரு, கப்பித்தான் படையைப் பாத்து நல்லாகீதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா, உன்னைச் சிப்பாய்லேர்ந்து ஒரு படி ஏத்தி நாயக்கு ஆக்கறது என் பொறுப்பு. கொடுத்த பையை வுட்டுட்டு வேற பை மாட்டிக்கினு கீறோம்னு கண்டுபுடிச்சாருன்னா, சீட்டுக் கிழிஞ்சுரும். அதனால எல்லாப் பையிலயும் கரி பூசிக் கறுப்பாக்கிடு. இன்னொரு வாட்டி எண்ணெயும் போடு, பளபளன்னு இருக்கட்டும்."

நான்காவது பூச்சும் போட்டேன்.

அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. மைதானத்தில் வரிசையாக நின்றோம். கப்பித்தான் துரை வந்தார். சிவப்புச் சட்டை, வெள்ளிப் பொத்தான், தோள்வரை சுருள் சுருளாக வெள்ளை முடி. அவ்வளவு அடர்த்தியான முடியை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை. இவ்வளவு முடியை எண்ணெய் தேய்த்து எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவரோடு இரண்டு பெரிய நாய்கள்.

வெயிலில் எண்ணெய் இளகியது. முதலில் வந்தவை நாய்கள்தான். துரையை விட்டுவிட்டு நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்தன. என் இடுப்பையே பார்த்து எச்சில் ஒழுக்கின. பிறகு சமையற்கட்டுப் பக்கமிருந்து பூனைகள் வந்தன, ஐந்தாறு இருக்கும். காதர் பாய் காலில் ஒரு பூனை சுற்றிச் சுற்றி உரசியது. அவர் ஆடாமல் நின்று, உதட்டை அசைக்காமல், "ஏழுமல, உன்னைப் பொதைக்கப் போறேன்" என்றார்.

பிறகு வானத்தில் ஒரு செம்பருந்து வந்தது.

கருடன் தலைக்கு மேல் வட்டமிட்டால் எங்கள் ஆட்கள் சும்மா நிற்க மாட்டார்கள். இருசப்பன் துப்பாக்கியை முழங்கையில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் போட்டுக்கொண்டார்கள். கப்பித்தான் திகைத்துத் துபாஷியைப் பார்த்தார். துபாஷி கெட்டிக்காரர், இந்த ஊர்ச் சலாம் இப்படித்தான் என்று சொல்லியிருப்பார் போல. துரை சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். எனக்குக் கண்முன்னால் நாயக்கு வேலை தெரிந்தது.

அதற்குள் கருடன் ஒன்று மூன்றாகி, மூன்று பத்தாகி, மைதானத்தில் நிழல் ஓட ஆரம்பித்தது. குப்பத்தில் கருவாட்டுக் களத்துக்கு வருகிற அதே கூட்டம். சில பறவைகளை எனக்கு முகம்கூடத் தெரியும்.

கப்பித்தான் என் முன்னால் வந்து நின்றார். மூக்கைத் தூக்கினார். என் பையை உற்றுப் பார்க்கக் குனிந்தார். அதே நொடியில் ஒரு பருந்து என் பைக்குக் குறி வைத்து இறங்கியது. கடற்கரையில் பிறந்தவன் பருந்து இறங்கினால் யோசிக்க மாட்டான், குனிவான். நான் குனிந்தேன். துரைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பருந்து மேலே போனபோது அதன் காலில் துரையின் முடி முழுதாகத் தொங்கியது.

ஐயோ, தலையோடு போய்விட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் தலை இருந்தது. உரித்த பனங்காய் மாதிரி, ஒரு முடிகூட இல்லாமல். மனிதன் முடியைக் கழற்றி மாட்டலாம் என்பது எங்கள் ஒன்பது பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"டேய், மூடி மாதிரி கழண்டு வந்துச்சுடா!" என்றான் இருசப்பன், கோட்டைக்கே கேட்கும்படி. கப்பித்தான் துபாஷியைப் பார்த்தார். துபாஷி வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் மாற்றிச் சொல்லாமல் தரையைப் பார்த்தார்.

பருந்துக்கு அது மீன் இல்லை என்று தெரிந்துவிட்டது. முடியைக் கோட்டைச் சுற்று அகழியில் போட்டுவிட்டுப் போனது. நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப் போய்க் குதித்தேன். பையைக் கழற்ற மறந்துவிட்டேன். முடி முழுகிக்கொண்டிருந்தது. இரண்டு முறை முங்கி எடுத்து, பாசியை உதறி, சகதி சொட்ட அதை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து துரையிடம் நீட்டினேன். இறால் ஒன்று அதற்குள்ளிருந்து துள்ளி விழுந்தது. (இல்லை என்று இருசப்பன் சொல்வான். அவன் தூரத்தில் நின்றான்.)

துரை உறுமினார். துபாஷி மெதுவாகச் சொன்னார்: "நாத்தம் புடிச்ச பை, இப்ப மருந்தும் நனைஞ்சுபோச்சு, இதான் உங்க படையான்னு கேக்கறார்."

'மருந்தும் நனைஞ்சுபோச்சு' என்ற வார்த்தைதான் என்னைக் கொன்றது. வேலை போகட்டும், நாயக்கு போகட்டும். என் பையில் தண்ணீர் புகுந்தது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவதா? துப்பாக்கியை எடுத்தேன். ஈரம் சொட்டுகிற பையைப் பிரித்தேன், மருந்தைக் கெட்டித்தேன், வானத்தைப் பார்த்துச் சுட்டேன்.

டமார்!

பருந்துகள் கலைந்தன. பூனைகள் மறைந்தன. கப்பித்தான் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்த மருந்து விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. பிறகு ஏதோ கேட்டார்.

"இது யாரோட யோசனைன்னு கேக்கறார்," என்றார் துபாஷி.

பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்தி ஓர் அடி முன்னால் வந்து, "என்னுதுங்க. முழுக்க முழுக்க என்னுது. இவங்க யாருக்கும் இதுல பங்கு கெடையாது," என்றேன்.

கொடுத்த சாமானை விட்டு வேறு சாமான் மாட்டியதற்காக அங்கேயே என் சீட்டைக் கிழித்தார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் பங்கில்லை என்று நானே சொல்லிவிட்டதால் அவர்கள் தப்பித்தார்கள். பையை மட்டும் கப்பித்தான் எடுத்துக்கொண்டு போனார்.

நான் குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது அண்ணன் கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினான். அந்தக் கூடையை இரண்டு வருடம் தூக்கினேன்.

பிறகு ஒரு நாள் துபாஷி குப்பத்துக்கு வந்தார். கோட்டைச் சிப்பாய்கள் எல்லாருக்கும் திருக்கைத் தோல் பைதான் இனிமேல் என்று உத்தரவாம்; தோல் வேண்டுமாம்; வாசனை மட்டும் கூடாதாம். சுறா எண்ணெய்க்குப் பதிலாகப் புன்னை எண்ணெய் பூசலாம் என்று அன்றைக்குச் சொன்னவள் தேசம்மா. (எழுதிவிட்டேன் தாயே, எழுதிவிட்டேன்.) அந்தத் தோலில் ஆரம்பித்ததுதான் கொட்டகை, படகுகள், ஓடு, கிணறு எல்லாம். இன்றைக்கும் என் வீட்டு வாசலில் பருந்து வட்டமிட்டால், விருந்தாளி யாராக இருந்தாலும் சரி, தேசம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள்: "யோவ், வந்தவரை முடியைப் புடிச்சுக்கச் சொல்லு!" பேரப்பிள்ளைகள் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். நானும் சிரிப்பேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. கோட்டைப் புத்தகத்தில் இந்தப் பையைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். துபாஷியே படித்துச் சொன்னார். சரக்கறைத் துரை நெடுநாள் யோசித்துக் கண்டுபிடித்த பை என்று இருக்கிறதாம். ஆளுங்கதான் ஈரம் என்றாரே, அதே துரை! நாறியபோது அது என் யோசனை; நாற்றம் போனதும் அவர் யோசனையா?

எனக்குப் பதக்கம் வேண்டாம், பணமும் வேண்டாம். அந்தப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பேரை அடித்துவிட்டு, பழவேற்காட்டுக் கடலோரக் குப்பம் ஏழுமலை என்று எழுத வேண்டும். பக்கத்தில் இடம் இருந்தால் பருந்தையும் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் என் பேர் முதலில் வர வேண்டும்.