கிராமர் ஊரின் அமைதிப் பூங்கா

நீச்சல் சுத்தமாகத் தெரியாதவர்கள் ஆற்றில் மூழ்குவதில்லை. அவர்கள் கரையில் நின்று மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். மூழ்குகிறவர்கள் எல்லாம் பாதி நீச்சல் தெரிந்தவர்கள். மொழி விஷயமும் இப்படித்தான் என்பது என் அனுபவம். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் ஜெர்மன் மொழியில் மூழ்கினேன். நான் மட்டும் மூழ்கியிருந்தால் பரவாயில்லை. விஜயநகர் குடியிருப்போர் சங்கத்தையே கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

அப்போது பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். தேவராஜ மொஹல்லாவில் ஒரு மளிகை மண்டிக்கு மேல்மாடியில் ஞாயிறுதோறும் ஜெர்மன் வகுப்பு நடந்தது. கீழேயிருந்து வரும் மிளகாய் நெடியில் வாத்தியாரும் நாங்களும் மாறி மாறித் தும்முவோம். (எங்கள் உச்சரிப்பு ஓரளவு ஜெர்மன்போல இருந்ததற்கு அந்தத் தும்மல்தான் காரணம் என்று நினைக்கிறேன்.) முதல் நிலை தேறினேன். அதாவது ஆப்பிள் வாங்கவும், ரயில் நிலையம் எங்கே என்று கேட்கவும், அறையில் ஜன்னல் இருக்கிறது என்று தெரிவிக்கவும் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இதுவே போதுமாக இருந்தது. அப்பா ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினார். அந்தச் சமயம் பார்த்து அவருடைய தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு இயந்திரம் வந்து சேர்ந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு இன்ஜினியரும் கூடவே வந்தார். பெயர் கிராமர். (பெயரிலேயே எச்சரிக்கை இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.) அறுபது வயதை ஒட்டியவர், நல்ல உயரம், நல்ல தொப்பை. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. "ஓப்பன், க்ளோஸ், நோ குட்" என்ற மூன்றை வைத்தே வேலையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சார், என்ற புள்ளைக்கு ஜெர்மன்னா தண்ணி பட்ட பாடுங்க" என்று மேனேஜரிடம் அப்பா சொல்லிவிட்டார்.

மேனேஜர் விஜயநகரில் குடியிருந்தார். அங்கே குடியிருப்போர் சங்கத்தில் எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு மாதம் ஒரு சொற்பொழிவு வேண்டும். சர்க்கரை நோய், யோகாசனம், ரோஜாச் செடி வளர்ப்பு எல்லாம் முடிந்துவிட்டன. கிராமர் தன் ஊரைப் பற்றி ஸ்லைடு படங்கள் வைத்திருந்தார். ஒரு காலத்தில் கிராமமாக இருந்து இப்போது நகரத்தின் புறநகராகிவிட்ட ஊர் அது. விஜயநகரும் வயல்களை மேடாக்கி எழுந்த பகுதிதானே. பொருத்தமாக இருக்கும் என்று மேனேஜர் ஏற்பாடு செய்தார். ஜெர்மனில் அவர் பேச, கன்னடத்தில் நான் சொல்ல வேண்டும். நன்றாக அமைந்தால் இயந்திரம் ஓடத் தொடங்கும்வரை தொழிற்சாலையில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை, பிறகு அதையே நிரந்தரமாக்கப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அப்பா அன்றைக்கே எனக்குப் புதுச் சேலை எடுத்துவிட்டார்.

ஞாயிறு மாலை சங்கக் கூடம் நிறைந்திருந்தது. ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, சுண்ணாம்புச் சுவரில் படம் காட்டினார்கள். போர்வை இடுக்கில் வெயில் நுழைந்து படமெல்லாம் வெளிறிப்போய்த்தான் தெரிந்தது. அப்பா முன்வரிசையில் மடிப்புக் கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் படம் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். கிராமர் பேச ஆரம்பித்தார். வகுப்பில் வாத்தியார் ஒவ்வொரு சொல்லாக இலையில் பரிமாறுவார். இவர் அண்டாவோடு கவிழ்த்தார். எனக்கு 'பழைய' என்ற சொல் மட்டும் கிடைத்தது.

"இது மிகப் பழைய தேவாலயம்" என்றேன். எல்லாரும் தலையசைத்தார்கள். அடுத்தது ஓடைக்கரையில் சக்கரத்தோடு ஒரு கட்டடம். "பழைய மாவு மில்." சரியாகவே இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த விபரீத ஞானம் பிறந்தது. ஜெர்மன் எதற்கு? சுவரில்தான் படம் இருக்கிறதே. அவர் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கினேன்.

மூன்றாவதாக ஒரு பெரிய செங்கல் கட்டடம். கிராமர் "கிம்னாசியும்" என்றார். இது தெரிந்த சொல்லாயிற்றே. "இது உடற்பயிற்சிக் கூடம்" என்றேன். அவர் தன்னைத் தொட்டுக் காட்டி 'ஒன்பது வருடம்' என்றார். எண்கள் எனக்கு அத்துப்படி. "இவர் இங்கே ஒன்பது வருடம் பயிற்சி எடுத்திருக்கிறார்." கூட்டம் முழுவதும் அவர் தொப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, மரியாதைக்காகப் பார்வையைச் சுவருக்குத் திருப்பியது.

பிறகு ஊர் எல்லையில் ஒரு பெயர்ப்பலகை. கிராமத்தின் பெயர், அதன் மேல் நகரத்தின் பெயர். கிராமர் நீளமாக ஏதோ சொன்னார், குரலை உயர்த்தினார், முஷ்டியை மடக்கினார். அதில் 'ஒன்று' என்பதும் 'சமூகம்' என்பதும் என் காதில் விழுந்தன. "கிராமமும் நகரமும் ஒன்றாகச் சேர்ந்த நாளை ஊரே திருவிழாவாகக் கொண்டாடியது" என்று உருக்கமாகச் சொன்னேன். கைதட்டல். கிராமர் திகைத்துப் போனார். (பக்கத்து நகரத்தைவிடப் பழைய ஊர் அது. கிராமத்தாரைக் கேட்காமலே நகரம் அதை விழுங்கிவிட்டது. தண்ணீர் வரியையும் ஏற்றிவிட்டது. அவருடைய அப்பா கடைசிவரை முகவரியில் நகரத்தின் பெயரை எழுத மறுத்தார். கிராமர் சொன்னது இதைத்தான். அதற்குத்தான் மைசூர் கைதட்டியது.)

அடுத்த படத்தில் ஒரு இரும்பு வாயில். உள்ளே இரு பக்கமும் மரங்கள், பாத்தி பாத்தியாகப் பூக்கள், ஒரு பெஞ்சு, அதில் ஒரு வயதான தம்பதி. கிராமர் குரல் தணிந்தது. "ஃப்ரீட்ஹோஃப்" என்றார்.

இங்கே என் மூளை வேலை செய்த விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே பிரமிப்பாக இருக்கிறது. 'பான்ஹோஃப்' என்றால் ரயில் நிலையம். ஆக, 'ஹோஃப்' என்பது நிலையம் மாதிரி ஒரு இடம். 'ஃப்ரீட' என்றால் அமைதி. இரண்டையும் ஒட்டினேன்.

"இது அமைதிப் பூங்கா. வயதானவர்களுக்கானது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அங்கே எல்லாருமே வயதானவர்கள். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் நஞ்சுண்டய்யா எழுந்தார். எப்போதும் முதல் கேள்வி அவருடையதுதான்.

"யார் வேணும்னாலும் சேரலாமா, இல்ல அந்த ஊர்க்காரங்களுக்கு மட்டுமா? கேளும்மா."

எல்லாரும் அங்கே வரலாமா என்று நான் ஜெர்மனில் கேட்டேன். கிராமர் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்துவிட்டு, எல்லாரும் அங்கேதான் வர வேண்டும் என்றார்.

"எல்லாருக்கும் இடம் உண்டாம்."

"ஊட்டா?" என்றார் நஞ்சுண்டய்யா. சாப்பாடு என்பது கன்னடத்தில் அதுதான். மைசூரில் எந்தத் திட்டமும் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சாப்பாடு உண்டா என்று கேட்டேன். கிராமர் யோசித்தார். அங்கே இல்லை, முடிந்த பிறகு எதிரே உள்ள உணவகத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள் என்றார். 'முடிந்த பிறகு' என்றால் என்ன முடிந்த பிறகு என்று நான் கேட்டிருக்கலாம்.

"சாப்பாடு எதிர் ஓட்டல்லேருந்து."

"கட்டணம்?"

இதற்கு அவர் விவரமாகவே பதில் சொன்னார். இடப் பற்றாக்குறை, அதனால் இருபத்தைந்து வருடத்துக்குத்தான் தருவார்கள், பிறகு குடும்பத்தார் மறுபடி கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதுவரை நான் வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தது இது ஒன்றைத்தான்.

"ஒரு தடவ கட்டினா இருபத்தஞ்சு வருஷமா?" நஞ்சுண்டய்யா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பஹள சென்னாகிதே. ரொம்ப நல்லாருக்கே. நம்ம லேஅவுட்ல பார்க்குக்குன்னு விட்ட எடம் சும்மாதானே கெடக்குது? இந்த மாதிரி ஒண்ணு கொண்டு வந்தா என்ன?" பலர் ஆமோதித்தார்கள். சங்கத் தலைவர், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். முன்வரிசையில் அப்பா பக்கத்து நாற்காலிக்காரரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் முளைத்ததுபோல இருந்தது.

கிராமர் மெதுவாகத் தொடர்ந்தார். தன் மனைவி ஹில்டா போன வருடத்திலிருந்து அங்கேதான் இருக்கிறாள் என்றார். ஞாயிறுதோறும் பூ கொண்டு போவதாகவும் சொன்னார். எளிய வாக்கியங்கள், எல்லாம் புரிந்தது. அப்படியே சொன்னேன்.

தலைவரின் மனைவி கமலம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கோபமாக இருந்தார். "கட்டின பொண்டாட்டிய அங்க தனியா விட்டுட்டு இவர் மட்டும் ஊர் சுத்தறாரா? மைசூருக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு என்ன? கேளு, நான் கேட்டேன்னே கேளு."

கேட்டேன். இலக்கணப் பிழையே இல்லாமல் கேட்டேன். "உங்கள் மனைவியை ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை?"

கிராமர் என்னைப் பார்த்தார், கமலம்மாவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பொத்தானை அழுத்தினார்.

சுவரில் ஒரு கல் வந்தது. கருங்கல். அதில் ஹில்டா கிராமர் என்ற பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், கீழே ஒரு கொத்துப் பூ.

மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒரே படம் அது. சங்கக் கூடத்துக்கு ஒரே கதவு, அதுவும் கூட்டத்துக்குப் பின்னால். இல்லாவிட்டால் அன்றே பஸ் ஏறிப் பெங்களூர் போயிருப்பேன். மன்னிப்புக் கேட்கும் சொல் ஜெர்மனில் நீளமானது. அதைப் பாதிவரை சொன்னேன், மீதி வரவில்லை.

கமலம்மாதான் முதலில் நகர்ந்தார். நேராகச் சுவரருகே போய், அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கைகூப்பினார். பிறகு கிராமர் பக்கம் திரும்பி அவரையும் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கிராமர் என்னருகே குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். இவர்களிடம் என்ன சொன்னாய்? எனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கினேன். பூங்கா. வயதான மக்கள். நல்ல சாப்பாடு. இருபத்தைந்து வருடம். அந்த ஐயாவுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று நஞ்சுண்டய்யாவைக் காட்டினேன்.

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழ வைத்துவிட்டேன் என்று நானும் அழத் தயாரானேன். நிமிர்ந்தபோதுதான் அவர் சிரிப்பது தெரிந்தது. கண்ணீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தார். ஹில்டா இருந்திருந்தால் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள் என்று அவர் சொன்னது அன்று எனக்குப் புரியவில்லை. பிறகு ஒருநாள் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார்.

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பி உண்மையைச் சொன்னேன். அது பூங்கா இல்லை, கல்லறைத் தோட்டம்.

நஞ்சுண்டய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "அப்ப எனக்கு அவசரமில்லைன்னு சொல்லும்மா. கொஞ்ச நாள் போகட்டும்."

அதையும் மொழிபெயர்த்தேன். "இன்றைக்கு வேண்டாமாம்." கிராமர் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூடமே சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மேனேஜர்.

வேலை கிடைக்கவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்கள்.

அன்று மாலை இருவரும் நஞ்சன்கூடு பஸ் ஏறினோம். சாமுண்டி மலை பின்னால் போன பிறகு, அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏஞ்சாமி, அந்த ஒம்போது வருச எக்சசைஸ்?"

"அது பள்ளிக்கூடம்ப்பா."

"நெனச்சேன்" என்றார். "வயித்தப் பாத்தப்பவே நெனச்சேன். என்ற புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கம்முனு இருந்துட்டேன்."

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறே மிளகாய் மண்டி மாடிக்குப் போய் இரண்டாம் நிலைக்குப் பெயர் கொடுத்தேன். கிராமர் ஊர் திரும்பும்வரை மதிய இடைவேளையில் அப்பாவோடு உட்கார்ந்து நான் கொண்டுபோன சோற்றைத் தின்றபடி எனக்குச் சொற்களைத் திருத்திக் கொடுத்தார். அவர் ஊரின் உண்மையான வரலாறு முழுவதும் அப்போது கேட்டதுதான்.

பிறகு எல்லா நிலைகளும் தேறினேன். இன்று பிழைப்பே மொழிபெயர்ப்புதான். வெளியில் என் சொல்லுக்கு மதிப்பு உண்டு. வீட்டில் நிலைமை வேறு. மாப்பிள்ளை வீட்டார் போனில் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று நானே வந்து சொன்னபோது, அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "இரு சாமி, நான் நேர்ல ஒருக்கா போய்க் கேட்டுட்டு வந்தர்றேன்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும், டாக்டரிடம் போய்விட்டு வந்து ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்று நான் சொன்னால், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்கிறார்:

"இது டாக்டர் சொன்னதா, இல்ல நீ மொழிபெயர்த்ததா?"