ஆயுதத்தோடு சரணடைந்த சேவல்

மலியானா,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய அபிலியோ மாமாவுக்கு, மருமகள் எடெல்வினா பணிந்து எழுதுவது. மாதா அருளால் அம்மாவும் நானும் எருமையும் நலம். டிலி துறைமுகத்தில் மூட்டை தூக்கும் உங்கள் இடுப்பும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பள்ளிக்கூடம் எரிந்த பிறகு எழுதிப் பழக்கமில்லை, பிழையைப் பொறுக்கவும். எங்களிடம் விட்டுப்போன உங்கள் சண்டைச் சேவலைப் பற்றிக் கீழே இருக்கிறது. உட்கார்ந்து படிக்கவும்.

மூன்று வாரம் முன்பு அமைதிப்படைக்காரர்கள் ஆயுதம் கேட்டு வீடு வீடாக வந்தார்கள், அம்மா சந்தைக்குப் போயிருந்தாள், வேற்றாளைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும், மொழிபெயர்க்க வந்த ஜஸ்டீனோ அண்ணன், "ஏ புள்ள, சண்டைக்குன்னு வீட்ல எது இருந்தாலும் குடுத்துடு. ஒளிச்சு வச்சா இவங்களுக்குக் கோவம் வரும்" என்றதும் சேவலின் காலில் கட்டும் கத்தியைச் சிவப்பு நூலோடு எடுத்துக் கொடுத்தேன், கொடுத்த பிறகுதான் கத்தியையும் சேவலையும் ஒரு ராத்திரிகூடப் பிரிக்காதே, ராசி போய்விடும் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வர, ஓடிப்போய்ச் சேவலையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அதிகாரி சேவலைப் பார்த்தார். சேவல் அதிகாரியைப் பார்த்தது.

"இது எதுக்காம்?" என்றார் ஜஸ்டீனோ அண்ணன்.

"கத்தி இதோடதுதாண்ணே" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான். அதிகாரி ரசீது எழுதினார்: கத்தி ஒன்று, உரியவர் ஒருவர், எதிர்ப்பின்றிச் சரணடைந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உன் மாமன் பெத்த புள்ளயக்கூட அப்படித் தடவிக் குடுத்ததில்லடி! மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பக்கத்து ஊரு மார்சால் சேவலோட மோதலன்னா நம்ம எருமைய அவுத்துக் குடுக்கறேன்னு வேற சவால் விட்டிருக்கான். எருமை போனா வயல மிதிச்சுச் சேறாக்குறது யாரு, நீயா?"

மூன்று முறை முகாம் வாசல்வரை போய், வாய் வராமல் திரும்பினேன். கடைசி முறை காவலுக்கு நின்றவர் பாவப்பட்டு எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். ரசீதை இதனுள் வைத்திருக்கிறேன். தயவுசெய்து சனிக்கிழமை பஸ்ஸில் வந்து சேவலை மீட்டு, எருமையைக் காப்பாற்றவும்.

மாமிக்கு என் வணக்கம். மாதா உங்களுக்கு நீண்ட ஆயுளும், என்னைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறுமையும் அருளட்டும்.

இப்படிக்கு,
எடெல்வினா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஜீப் வந்தது. சேவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முகாம் பிஸ்கட் தின்று வாத்து மாதிரி இருக்கிறது. பழக்கிப் பார்க்கலாம் என்று, எதிர்வீட்டுச் சேவல்கள் இரண்டு கொத்திக்கொண்டிருந்த இடத்தில் அம்மா அதை விட்டாள். அது நிதானமாக நடந்துபோய் நடுவில் நின்றுகொண்டது. இரண்டு பக்கமும் கொத்து வாங்கியும் நகரவில்லை. திருப்பிக் கொத்தவும் இல்லை. நீங்கள் வரவேண்டாம். நான் வயல் மிதிக்கப் பழகிக்கொள்கிறேன்.