மூன்று மணிக்கு ஏறும் கோடு

“மறுபடியும் ஏறிடுச்சு” என்றபடி டாக்டர் ஈப்மா ஒரு முழ நீளக் காகிதத்தை வீபெயின் போர்வைமேல் விரித்தார்.

கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு கோடு குதித்துக் குதித்துப் போனது.

“இது என்னோடதா டாக்டர்? எனக்கு ஒண்ணுமே தெரியலையே. கல்லு மாதிரி இருக்கேன்.”

“கோடு அப்படிச் சொல்லலையே.”

போன வாரம் பாய்மரப் படகில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த வீபெ தொப்பென்று மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து மார்பில் ஒயர்களும் கழுத்தில் சின்னப் பெட்டியுமாகக் கட்டிலில் கிடக்கிறார். இதயம் துடிப்பதையெல்லாம் அந்தப் பெட்டி நர்ஸ் மேஜையிலிருக்கும் திரைக்குக் கோள் சொல்லிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரை கோடு சமர்த்தாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் இந்த ஆட்டம்.

கோடு அடங்கினால் வெள்ளிக்கிழமை வீடு. சனிக்கிழமை படகுப் பந்தயம். சுக்கான் பிடிக்க வேண்டியவர் வீபெ. அவர் போகாவிட்டால் மச்சான் லொல்கெ பிடிப்பான். போன கோடையில் கரையில் மேய்ந்துகொண்டிருந்த பசுவை நோக்கிப் படகை விட்ட மகராசன் அவன்.

“பயப்படாதீங்க” என்றார் டாக்டர். “நோயால எகிறினா பெரும்பாலும் சுவிட்சு போட்ட மாதிரி சட்டுனு ஏறும், சட்டுனு விழும். இது மாடிப்படி ஏறுற மாதிரி ஏறி, அதே மாதிரி இறங்குது. இதோ, ஒவ்வொரு கூர் முனைக்கு முன்னாடியும் ஒரு குட்டி மேடு, ஒழுங்கா இருக்கு. அப்போ இது மனசு பண்ற வேலை. தினம் மூணு மணிக்கு எழுபதுல இருந்து நூத்திமுப்பதுக்குப் போகுது. மூணு மணிக்கு என்ன நடக்குது?”

வீபெ யோசித்தார். “பார்க்க வர்றவங்க நேரம். என் பொண்டாட்டி வருவா.”

டாக்டரின் முகம் மலர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் ஃபோல்கெர்ட் இருமினார்.

ஃபோல்கெர்ட் கால்வாய்ப் பாலத்தின் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். போன சனிக்கிழமை ராத்திரிதான் இங்கே வந்து சேர்ந்தார். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவார், போனதும் இறக்குவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. அவர் கழுத்திலும் ஒரு பெட்டி தொங்கியது.

“இவரைப் பாருங்க” என்றார் டாக்டர். “அறுபத்திரண்டு. கூரை இடிஞ்சு விழுந்தாலும் அறுபத்திரண்டுதான். ஃபோல்கெர்ட், நீங்க இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்.”

“எனக்கு இன்னும் தலை சுத்துது” என்றார் ஃபோல்கெர்ட் அவசரமாக.

மூன்று மணிக்கு வீபெயின் மனைவி ரென்ஸ்கெ நனைந்த மழைக்கோட்டோடும் ஆரஞ்சு கேக்கோடும் வந்தார். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெதர்லாந்தின் வடக்கில், இந்த ஃபிரீஸ்லாந்தில், ஆண்கள் வாயைத் திறப்பதே அபூர்வம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் வீபெ மனைவியிடம் சொன்ன மிக உருக்கமான வாக்கியம், “சூப் மோசமில்லை.”

“எனக்காகவா? இந்த மரக்கட்டைக்கா?” ரென்ஸ்கெ கண்ணைத் துடைத்துக்கொண்டு கேக் வெட்டினார். வழக்கம்போல ஃபோல்கெர்ட்டுக்கும் ஒரு துண்டு. “கேட்டீங்களா ஃபோல்கெர்ட்? உங்க பாலத்து வழியாத்தான் நான் தினமும் சைக்கிள்ல வேலைக்குப் போவேன். ஒருநாள்கூட பாலம் தூக்கியிருந்ததே இல்ல. நான் அதிர்ஷ்டக்காரின்னு நினைச்சுக்குவேன். நிஜமான அதிர்ஷ்டம் இன்னிக்குத்தான்!”

“என்ன அதிர்ஷ்டம்! அதே பாலத்துக்கிட்ட படகை நிறுத்திட்டு நான் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்திருக்கேன் தெரியுமா?” என்றார் வீபெ.

ஃபோல்கெர்ட் கேக்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மறுநாள் ரென்ஸ்கெ நீல கவுனும் உதட்டுச்சாயமுமாக வந்தார். கோடு நூற்றுநாற்பதைத் தொட்டது.

“காரணம் காதலாவே இருக்கட்டும். நூத்திநாப்பதோட உங்களைப் படகுல ஏத்த முடியாது” என்று டாக்டர் கையை விரித்தார்.

வீபெ மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு அந்தப் பழைய மழைக்கோட்டையே போட்டுட்டு வா. தலையும் சீவாதே.”

“ஏனாம்?”

“சனிக்கிழமை பந்தயம் இருக்குல்ல.”

“அப்போ என்னைவிடப் பந்தயம் பெருசா?”

“ஐயோ, உன்னைப் பார்த்தா எனக்கு நிஜமாவே ஒண்ணும் தோணல ரென்ஸ்கெ! சத்தியமா!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ரென்ஸ்கெ கேக் டப்பாவைப் பட்டென்று மூடிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய் அக்காவுக்கு ஃபோன் போட்டார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

“பயத்துலகூட இதயம் இப்படி அடிச்சுக்குமாம். அக்கா சொல்றா. எதை மறைக்கிற?”

மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் கோடு இறங்கிவிடும் என்று வீபெ கணக்குப் போட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

“உங்கம்மாவோட நீலப் பூத்தட்டை உடைச்சது பூனை இல்ல. நான்தான்.”

“அடப்பாவி! அதுக்காகத்தானே அந்த வாயில்லா ஜீவனை அக்கா வீட்டுக்குத் துரத்துனேன்!” ரென்ஸ்கெ தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

“நூத்தைம்பது!” என்று நர்ஸ் மேஜையிலிருந்து குரல் வந்தது.

வியாழக்கிழமை டாக்டர் ஒரு சோதனை வைத்தார். தான் கூப்பிடும்வரை ரென்ஸ்கெ வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டதும் மெதுவாக உள்ளே வர வேண்டும். வீபெ மூச்சை நிதானமாக இழுத்து விட வேண்டும். ஆனால் டாக்டர் இன்னொரு நோயாளியிடம் மாட்டிக்கொண்டார். ரென்ஸ்கெக்குப் பொறுமை போய்விட்டது, உள்ளே நுழைந்துவிட்டார்.

அடுத்த நிமிஷம் டாக்டர் கையில் குட்டித் திரையோடு ஓடி வந்தார். “நூத்திமுப்பத்தஞ்சு! வீபெ எங்கே?”

“கழிப்பறையில இருக்கார்” என்றார் ஃபோல்கெர்ட், சுவரைப் பார்த்தபடி.

உள்ளே தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

“நீங்க வந்தது அவருக்குத் தெரியுமா?” என்று டாக்டர் ரென்ஸ்கெயைக் கேட்டார்.

“தெரியாது டாக்டர். கதவு சாத்தியிருந்துச்சு.”

டாக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. “பார்க்காம, கேட்காம, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தே! இப்படி ஒண்ணை நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்ல!”

பைஜாமா நாடாவைப் பிடித்தபடி வீபெ வெளியே வந்தார். ரென்ஸ்கெ அந்தக் கணமே தட்டை மன்னித்தார், பூனை விவகாரத்தை மன்னித்தார். கணவரைக் கட்டிப்பிடித்து எல்லார் முன்னாலும் முத்தம் கொடுத்தார்.

“பாருங்க, பாருங்க!” டாக்டர் திரையைக் காட்டினார். “ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வந்துச்சு, அப்புறம் ஒரு இடைவெளி. இதயம் ஒரு கணம் தயங்கியே போச்சு!”

ஃபோல்கெர்ட் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

“அப்போ சனிக்கிழமை?” என்று வீபெ ஈனஸ்வரத்தில் கேட்டார்.

“பேச்சே இல்ல.”

ரென்ஸ்கெ சந்தோஷமாகத் தம்பிக்கு ஃபோன் போட்டார். “லொல்கெ, சுக்கானை நீயே பிடிச்சுக்கோ. என்னைப் பார்த்தா உங்க மாமாவுக்கு நெஞ்சு தாங்கலையாம்!”

வீபெக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் ரென்ஸ்கெயின் கை அவர் கையில் சூடாக இருந்தது. இத்தனை காகிதம் பொய்யா சொல்லும்? தனக்கே தெரியாமல் தன் நெஞ்சு இவ்வளவு நாளாக இவளுக்காக அடித்துக்கொண்டிருக்கிறதே என்று முதல்முறையாக அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. காது சிவக்க, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ரென்ஸ்கெ... எனக்கு உன்மேல... ரொம்பத்தான் இருக்கும்போல.”

ரென்ஸ்கெ விசும்பினார். டாக்டரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மேஜையில் இருவரின் கோடுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, நர்ஸ் ஹிங்கெ பேட்டரி மாற்ற உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு பேரையும் குளிக்க அனுப்பி, திரும்ப ஒயர் மாட்டிவிட்டு லீவில் போனவர் இன்றுதான் திரும்பியிருந்தார். வீபெயின் பெட்டியைத் தூக்கி அதில் ஒட்டியிருந்த கட்டில் எண்ணைப் பார்த்தார். போர்வையை விலக்கி ஃபோல்கெர்ட்டின் பெட்டியைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“நல்லவேளை, இப்பவாவது பார்த்தேன், ரெண்டு பெட்டியையும் அவசரத்துல மாத்தி மாட்டியிருக்கேன்! வீபெ, நீங்க தாராளமா பந்தயத்துக்குப் போங்க, உங்க இதயம் யார் வந்தாலும் அறுபத்திரண்டைவிட்டு அசையல, மூணு மணிக்குத் துள்ளுனதெல்லாம் ஃபோல்கெர்ட்டோடது.”